பிரைஸ் ஹில் ரூத்தானும் பதினோரு மில்லியன் பெஞ்சும்

எங்கள் ஊர் கூடைப்பந்து அணி ஜூலை மாதத்தில் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்றதில்லை. ஜூலையில் ஆட்டமே கிடையாது என்பது வேறு விஷயம். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ரிவர்மென் என்கிற அந்த அணி ஆற்றங்கரை அரங்கில் என்ன செய்யும் என்பது சின்சினாட்டியில் எல்லோருக்கும் தெரியும், அதைப் பேசத்தான் யாருக்கும் மனசு வராது. சீசன் முடிந்த பிறகுதான் ஊருக்கு உயிர் வரும். யாரை விற்கலாம், யாரை வாங்கலாம், ஒப்பந்தம் முடிந்து சும்மா நிற்கிற எந்தப் பெரிய ஆட்டக்காரன் இந்த முறை வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி எங்களை ஏமாற்றுவான் என்றெல்லாம் பேச ஆரம்பிப்போம். அந்தப் பேச்சில் ஊரிலேயே பெரிய கை ரூத்தான் பிரிங்க்மன்.

ரூத்தானுக்கு ஐம்பத்தெட்டு வயது. பிரைஸ் ஹில்லில் வீடு. வாகன உரிம அலுவலகத்தில் மூன்றாம் நம்பர் கவுன்டரில் முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேரை மோசமாகப் படம் பிடித்திருக்கிறாள். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அவள் பந்தைத் தொட்டதே இல்லை. அதனால் என்ன, அணியின் பொது மேலாளரும் தொட்டதில்லை. அவருக்கு மட்டும் அதற்குச் சம்பளம் உண்டு.

லீக் ஒவ்வொரு ஆண்டும் ஒரு வரம்பு போடும். ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று. வரம்பைப் போட்ட கையோடு, அதைத் தாண்டிப் போக முப்பது குறுக்கு வழிகளையும் அதே லீக் எழுதி வைத்திருக்கிறது. வரம்பும் குறுக்கு வழியுமாகச் சேர்ந்து அறுநூற்றுச் சொச்சம் பக்கம். ரூத்தான் அதை நூலகத்தில் அச்சடித்து வாங்கிவந்து, மூன்று ஓட்டை போட்டு, கோப்பில் கோத்து, இரண்டு குளிர்காலத்தில் முழுசாகப் படித்து முடித்தாள். அவள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தோடு வந்த பன்னிரண்டு பக்கப் புத்தகம் இன்னும் பிளாஸ்டிக் உறையில்தான் இருக்கிறது.

"இந்த மெஷின் ஏன் குதிக்குதுன்னு அந்தப் புக்ல போட்டிருக்கும்" என்பார் கணவர் கஸ்.

"குதிக்கட்டும் விடு. நம்ம டீம்ல எவனும் குதிக்க மாட்டேங்கிறான். அந்த மெஷினாவது குதிக்கட்டும்."

சாயங்காலம் ஐந்து இருபதுக்கு ரூத்தான் ரேடியோவுக்கு போன் செய்வாள். விளையாட்டு நிகழ்ச்சியை நடத்துகிறவன் ஸ்கிப் டோரன்ஸ். கல்லூரி அணியில் ஆடியவன், அதாவது அப்படி அவனே சொல்லிக்கொள்வான். மூன்று வருடமாக அவளுடைய கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்.

"பிரைஸ் ஹில்லிலேர்ந்து ரூத்தான் லைன்ல இருக்காங்க. சொல்லுங்க ரூத்தான், இன்னைக்கு யாரை விக்கப் போறோம்?"

"நேத்து வித்த ஆளையேதான் ஸ்கிப். ஓகல்ஸ்பியை. நீங்கதான் இன்னும் டெலிவரி பண்ணல."

டவாரெஸ் ஓகல்ஸ்பி ரிவர்மென் அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். நான்கு வருட ஒப்பந்தம், வருடத்துக்குப் பதினோரு மில்லியன் டாலர். முதல் வருடமே முழங்கால் போய்விட்டது. அதற்குப் பிறகு ஓர் ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இறங்குவார், மீதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்காகத் துண்டைச் சுழற்றுவார்.

"பதினோரு மில்லியனுக்குத் துண்டு சுத்துறார் ஸ்கிப். எங்க கஸ்ஸை அனுப்புறேன், மத்தியானச் சாப்பாடு போட்டா போதும், ரெண்டு கையிலயும் சுத்துவார்."

அதற்குப் பிறகு திட்டம் வரும். ஓகல்ஸ்பியைப் போர்ட்லாண்டுக்குக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து லாமாண்ட் ஸ்பைவி என்கிற குறிபார்த்து எறியும் இளைஞனை வாங்க வேண்டும். அவனுக்குப் பன்னிரண்டு மில்லியன். இரண்டு சம்பளமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் லீக் ஒத்துக்கொள்ளும். ஸ்பைவியின் ஒப்பந்தத்தில் மட்டும் ஒரு வரி உண்டு. கோடையில் அவனுக்கு இஷ்டமிருந்தால் இன்னொரு வருடம் இருக்கலாம், இல்லையென்றால் கிளம்பலாம். ரூத்தான் அந்த வரியைப் படிக்காமல் இல்லை.

"பன்னெண்டு மில்லியனை வேண்டாம்னு சொல்லிட்டு எவன் போவான்?" என்பாள். ஸ்கிப் உடனே விளம்பரத்துக்குப் போய்விடுவான்.

இப்படியே நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. பிப்ரவரியில், ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள லீக் வைத்த கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் கவுன்டரில் அறுபத்திரண்டாம் டோக்கனை அழைத்தாள் ரூத்தான். எதிரே வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவர் நிற்கிற மாதிரியேதான் இருந்தது.

ரூத்தானுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் முப்பத்தொரு வருடப் பழக்கம், முகத்தில் எதையும் காட்டவில்லை. கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பேரு?"

"டவாரெஸ் ஓகல்ஸ்பி. லைசென்ஸ் புதுப்பிக்கணும்."

"அட்ரஸ் மாறியிருக்கா?"

"இல்ல மேடம். இதுவரைக்கும் இல்ல."

"உயரம்?"

"ஆறு அடி எட்டு அங்குலம்."

ரூத்தானின் விரல் நின்றுவிட்டது. "டீம் புக்ல ஆறு ஒன்பதுன்னுல்ல போட்டிருக்கான்?"

வாய் தவறி வந்த கேள்வி. ஓகல்ஸ்பி முன்னால் குனிந்து, கண்ணாடித் தடுப்பின் ஓட்டைகளுக்கு அருகே காதைக் கொண்டுவந்தார்.

"மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னத்தை?"

"எதையாவது. 'எவன் போவான்'னு சொல்லுங்க."

ரூத்தான் வாயை மூடிக்கொண்டாள்.

"பிரைஸ் ஹில் ரூத்தான்!" என்று அவர் மேசையைத் தட்டினார். இரண்டாம் கவுன்டரில் படத்துக்கு உட்கார்ந்திருந்தவர் திடுக்கிட்டு அசைய, அவர் படம் கெட்டுப்போனது. "பொண்ணை ஸ்கூல் முடிஞ்சு டியூஷன்லேர்ந்து கூட்டிட்டு வர்ற நேரத்துலதான் உங்க போன் வரும் மேடம். கார்ல தினமும் நீங்கதான். என் பொண்ணு நைலா, ஒன்பது வயசு, அன்னைக்குக் கேட்டா, 'அப்பா, இந்த ரூத்தானுக்கு நம்ம மேல ஏன் கோபம்?'னு."

"கோபமெல்லாம் இல்ல தம்பி" என்றாள் ரூத்தான். குரல் இறங்கிவிட்டது. "உங்க மேல ஒண்ணும் இல்ல. சம்பளத்து மேலதான்."

"அது என்கூடவேதான் இருக்கு மேடம். தனியா விட்டுட்டு வர முடியல."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரூத்தான் திரையைப் பார்த்தாள். அடுத்த கேள்வியை அவள் ஒரு நாளைக்கு எண்பது தடவை கேட்பவள், வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"நாலு வருஷத்துக்கா, எட்டு வருஷத்துக்கா?"

"எது?"

"லைசென்ஸ். ரெண்டு விதமாவும் தர்றோம்."

ஓகல்ஸ்பி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். "நீங்கதானே சொல்லணும்? இந்த ஊர்ல நான் எத்தனை நாள் இருப்பேன்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

"நாலே போதும்னு நினைக்கிறேன்" என்றாள், மெதுவாக.

"அப்ப எட்டு போடுங்க" என்றார் அவர்.

படம் எடுக்கும்போது அவர் பல் தெரியச் சிரித்தார். கேமராவை அவருக்காக ஓர் அடி உயர்த்த வேண்டியிருந்தது. அந்த அலுவலகத்தில் அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

அன்று சாயங்காலம் ஐந்து இருபதுக்கு அவள் போன் செய்யவில்லை. "ரூத்தானுக்கு உடம்பு சரியில்லையா, யாராவது போய்ப் பாருங்கப்பா" என்று ஸ்கிப் ஊர் முழுக்கக் கேட்கும்படி ரேடியோவில் சொன்னான். கஸ் கீழே வந்து எட்டிப் பார்த்தார்.

"ரேடியோக்காரன் உன்னைத் தேடறான்."

"தேடட்டும்."

"என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல. அந்த ஆளு ஆறு எட்டுதான், கஸ். ஒன்பது இல்ல."

கஸ்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஒரு அங்குலம்தான் அவள் வாழ்நாளில் கையில் கிடைத்த ஒரே உள்விவகாரச் செய்தி. ரேடியோவில் சொல்லியிருந்தால் மாலை முழுக்க ஓடியிருக்கும். அலுவலகத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று அவள் அதை விழுங்கிவிட்டாள். பதினோரு மில்லியன் கதையைத்தான் மூன்று வருடமாக ஊருக்கே சொல்லியாயிற்று, ஒரு அங்குலத்திலாவது நேர்மை இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

புதன்கிழமை போன் செய்தாள். ஓகல்ஸ்பியை வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

"என்னது?" என்றான் ஸ்கிப்.

"பெஞ்சுல ஒரு அனுபவசாலி வேணும்ல. சின்னப் பசங்களுக்கு ஒரு... ஒரு தைரியம்."

"துண்டு சுத்துறதுக்கா?"

"நல்லாத்தான் சுத்துறார்."

ஸ்கிப் அந்த ஒரு வாக்கியத்தை மணி ஒலியோடு சேர்த்து அன்று ஏழு தடவை போட்டான்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கெடு. இரண்டு ஐம்பத்தொன்றுக்குச் செய்தி வந்தது. ஓகல்ஸ்பி போர்ட்லாண்டுக்கு, ஸ்பைவி சின்சினாட்டிக்கு. மூன்று வருடமாக ஒரு அம்மா ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்ததை அணி நிர்வாகம் தானாகவே, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், ஆழ்ந்து ஆராய்ந்து கண்டுபிடித்துவிட்டதாகப் பொது மேலாளர் சொன்னார்.

முந்தின நாள் அவள் பல்டி அடித்தது எல்லோருக்கும் மறந்துபோனது. ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஸ்கிப் எக்காளம் ஊதினான். அலுவலகத்துக்கு எதிரே உள்ள கடையில் நூடுல்ஸுக்கு மேல் காரக் கறியும் சீஸும் மலை மாதிரி குவித்த எங்கள் ஊர்த் தட்டுக்கு 'ரூத்தான் ஸ்பெஷல்' என்று பெயர் வைத்தார்கள். தவக்காலம் வந்ததும் பங்குக் கோயிலில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில், எப்போதும் இரண்டு துண்டு போடுகிறவர் அவளுக்கு நாலு துண்டு போட்டார். ரூத்தானுக்கு உறுத்தல் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். சுமார் ஒன்பது நிமிடம் இருந்தது. அதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஸ்பைவி ஏழு ஆட்டம் ஆடினான். ஏழும் பிரமாதம். எட்டாவதில் தொடைத் தசை கிழிந்து, மீதி சீசனை மிக விலையுயர்ந்த கோட்டுகள் அணிந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான். துண்டுகூடச் சுற்றவில்லை.

போர்ட்லாண்டில் யாரோ ஒரு மருத்துவர் ஓகல்ஸ்பியின் முழங்காலில் என்ன செய்தாரோ, அவர் ஓர் ஆட்டத்துக்கு இருபத்தெட்டு நிமிடம் ஓடினார். தூரத்திலிருந்து எறிந்ததெல்லாம் வளையத்துக்குள் போனது. மே மாதக் கடைசியில் போர்ட்லாண்ட் அணி அரையிறுதியைத் தாண்டப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் ஏப்ரலிலேயே ஆட்டம் முடிந்து மீன் பிடிக்கப் போய்விட்டார்கள்.

தலையில் தூக்கி வைத்த ஊருக்குக் கீழே போடவா தெரியாது? கடையில் 'ரூத்தான் ஸ்பெஷல்' இருந்தது, ஆனால் சீஸ் இல்லாமல், கறி இல்லாமல், வெறும் நூடுல்ஸாக மாற்றிவிட்டார்கள். அலுவலகத்தில் டோக்கன் வாங்கியவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

"மூணாம் நம்பர் வேணாம்ப்பா. அந்தம்மா என்னையும் போர்ட்லாண்டுக்கு அனுப்பிடுவாங்க."

"உங்களை எடுத்துக்க அவங்க ஒத்துக்கணுமே சார்" என்பாள் ரூத்தான், தலையைத் தூக்காமல். பதில் சொல்லும் திறமை போகவில்லை. ஆனால் ஐந்து இருபதுக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டாள்.

ஜூனில் பங்குத் திருவிழா. அதில் ஒரு விளையாட்டு உண்டு. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு பலகையில் ஓர் ஆளை உட்கார வைப்பார்கள். பந்தை எறிந்து குறியை அடித்தால் பலகை விலகி ஆள் தண்ணீரில் விழும். வழக்கமாகப் பங்குத் தந்தை உட்காருவார். இந்த வருடம் தந்தையே நேரில் வந்தார்.

"ரூத்தான், கோயில் கூரைக்கு ரொம்பப் பணம் தேவைப்படுது. என்னைத் தண்ணில தள்ள யாரும் காசு கொடுக்க மாட்டேங்கிறாங்க. உன்னைன்னா..."

"எவ்வளவு நேரம், ஃபாதர்?"

"ஒரு மணி நேரம் போதும்."

மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். எறிய வந்தவர்களின் வரிசை வாகன நிறுத்துமிடம் வரை போனது. நாற்பத்தாறு தடவை விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எறிந்தவனின் கை எந்த இடத்தில் தப்பு செய்கிறது என்று சொன்னாள். ஸ்கிப் பன்னிரண்டு பந்து வாங்கினான். ஒன்றுகூடப் படவில்லை. அவனுடைய கல்லூரிச் சாதனைகளைப் பற்றி ஊரில் இருந்த சந்தேகம் அன்றைக்குத் தீர்ந்தது.

வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதுதான் அழுதாள். கஸ் சமையலறையில் நின்று ஏதோ சொல்லத் தேடினார்.

"கூரை நல்லா வரும்" என்றார் கடைசியில்.

ஜூன் கடைசியில் ஸ்பைவி பன்னிரண்டு மில்லியனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மயாமிக்குப் போனான். எவன் போவான் என்றால், இவன் போவான். ஜனவரி மாதத்துச் சின்சினாட்டியையும் ஜனவரி மாதத்து மயாமியையும் ஒப்பிடும் பக்கம் லீக்கின் புத்தகத்தில் இல்லை. அவன் போனதில் சம்பள வரம்புக்குக் கீழே நிறைய இடம் விழுந்தது. ஜூன் முப்பது மாலை ஆறு மணிக்கு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களோடு பேசலாம் என்று லீக் கதவைத் திறந்தது. ஆறு ஐம்பதுக்குள் எங்கள் பொது மேலாளர் அந்த இடம் முழுவதையும் முப்பத்து நாலு வயது நடு ஆட்டக்காரர் ஒருவருக்கு மூன்று வருடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வேறு யாராவது முந்திக்கொள்வார்கள் என்று பயமாம்.

ஜூலை இரண்டாம் தேதி, ஐந்து மணி சுமாருக்கு, ரேடியோவிலிருந்தே ரூத்தானுக்குப் போன் வந்தது.

"ரூத்தான், தயவுசெஞ்சு லைனுக்கு வாங்க" என்றாள் தயாரிப்பாளர் பெண். "ஒருத்தர் உங்ககிட்டதான் பேசுவேன்னு அடம்பிடிக்கிறார்."

"திட்டுறதா இருந்தா எழுதி அனுப்பச் சொல்லு."

"டவாரெஸ் ஓகல்ஸ்பி."

ரூத்தான் பாத்திரம் கழுவிய கையைத் துடைக்காமலே உட்கார்ந்தாள். அடுத்த நிமிடம் ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

"மேடம், நல்லா இருக்கீங்களா? தொட்டியில விழுந்ததை வீடியோல பார்த்தேன். நைலா பத்துத் தடவை போடச் சொல்லிப் பார்த்தா."

"ஊர் மாத்தினதுக்கு என் மேல கோபம் போச்சாமா அவளுக்கு?"

"பாதி போச்சாம். மேடம், என் ஒப்பந்தம் முடிஞ்சிருச்சு. மூணு இடத்துலேர்ந்து கூப்பிடுறாங்க. நான் எங்க போகட்டும்? மூணு வருஷமா என்னைப் பத்தி யோசிச்சது நீங்க ஒருத்தர்தான்."

"இது நேரலைப்பா..." என்று ஸ்கிப் இடையில் புகுந்தான்.

"நீங்க சும்மா இருங்க ஸ்கிப்" என்றார்கள் இருவரும்.

அவர் சொன்னார். லாஸ் ஏஞ்சலிஸ், ஒரு வருடம், பதினான்கு மில்லியன். சாக்ரமெண்டோ, இரண்டு வருடம், வருடத்துக்குப் பத்து. போர்ட்லாண்ட், மூன்று வருடம், வருடத்துக்கு ஒன்பது.

"எங்க ஊரு?" என்று ஸ்கிப் ஆசையாகக் கேட்டான்.

"நாங்க குறைஞ்சபட்சச் சம்பளம்தான் தர முடியும்" என்றாள் ரூத்தான். "இருந்த இடத்தையெல்லாம் ஐம்பது நிமிஷத்துல தொலைச்சாச்சு. தம்பி, முழங்கால் உண்மையா எப்படி இருக்கு? ரேடியோல சொல்ல வேணாம். நல்லா இருந்தா இருமுங்க."

மறுமுனையிலிருந்து பாதி இருமல் மாதிரி ஒன்று வந்தது.

"அப்ப ஒரு வருஷத்துக்கு எவன் கோடி கொட்டினாலும் போகாதீங்க. பொண்ணு எங்க படிக்கிறா?"

"போர்ட்லாண்ட்ல சேர்த்தேன். சிநேகிதி ஒருத்தி கிடைச்சிருக்கா. என் ஏஜென்ட்கூட இதைக் கேக்கல மேடம்."

"சிநேகிதியில அவருக்குக் கமிஷன் கிடையாதுல்ல. போர்ட்லாண்டே போடுங்க, மூணு வருஷம். ஆனா கையெழுத்துக்கு முன்னால ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. உங்களை வேற ஊருக்கு வித்தா, மிச்சச் சம்பளத்துல நூத்துக்குப் பதினஞ்சு கூடத் தரணும்னு. விதியில இடம் இருக்கு. அது இருந்தா என்னை மாதிரி எவளாவது ரேடியோல உங்களை வித்துடு வித்துடுன்னு கத்தினாலும், அவங்க ஒரு தடவை யோசிப்பாங்க."

ஓகல்ஸ்பி சிரித்த சிரிப்பில் ரேடியோப் பெட்டி அதிர்ந்தது. நான்கு நாள் கழித்துச் செய்தி வந்தது. போர்ட்லாண்ட், மூன்று வருடம், பதினைந்து சதவீத வரியோடு. தன் நீண்டகால ஆலோசனையின் பலன் என்று அவருடைய ஏஜென்ட் பேட்டி கொடுத்தார்.

ரேடியோ நிலையம் விழித்துக்கொண்டது. மேலாளர் ஃபிலிஸ், சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் ரூத்தானே நிகழ்ச்சி நடத்தட்டும் என்றாள். சம்பளம் என்று எதுவும் இல்லை, நிலையத்தின் படம் போட்ட காபிக் கோப்பை ஒன்று உண்டு. ஊர் அணியின் நூற்று ஐம்பது மில்லியன் டாலர் சம்பளத்தை வருடக்கணக்கில் பங்கு போட்டவள், தன் சொந்த வேலையில் முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூடச் சம்பள உயர்வு கேட்டதில்லை.

"கோப்பை வீட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ஒரு வாரம் ஒரு சத்தமும் இல்லை. கஸ்ஸிடம்கூடச் சொல்லாமல், தினமும் போனைச் சார்ஜில் போட்டுப் போட்டுப் பார்த்தாள். எட்டாம் நாள் ஃபிலிஸ் வாரத்துக்கு நூற்றிருபது டாலர் என்றாள். ரூத்தான் நூற்று ஐம்பது என்றாள். நூற்று நாற்பதில் முடிந்தது. கோப்பையும் கொடுத்தார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கவிங்டனிலிருந்து டெல்பர்ட் என்பவர் லைனில் வந்தார். ரூத்தானை முதலில் நிகழ்ச்சியிலிருந்து தூக்க வேண்டும் என்றார். அவள் ஒரு மணி நேரத்தை ஆக்கிரமித்துக்கொண்டு ஒன்றும் தருவதில்லையாம்.

"சரி டெல்பர்ட், எனக்குப் பதிலா யாரைப் போடுவீங்க?"

டெல்பர்ட்டிடம் திட்டம் தயாராக இருந்தது. அவளைச் செவ்வாய்க்கிழமை சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றி, அங்கிருந்து ஒருவரை விளம்பர நேரத்துக்குக் கொண்டுவந்து, மிச்சமாகிற நேரத்தில் கவிங்டன்காரர் ஒருவரைப் போட வேண்டும். சொல்லி முடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது. கேட்டுக்கொண்டே மஞ்சள் தாளில் எழுதிக்கொண்டு வந்தாள் ரூத்தான். திட்டம் அப்படியொன்றும் மோசமில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது.